இனி யாரைக் கேட்பாள் ஈஸ்வரி

மலைமேல் இருந்த ஊரில், விவசாயிகள் சங்கத்துச் சாமை மிஷின் ஈஸ்வரி பொறுப்பில் இருந்தது. மேலே சாமையைக் கொட்டினால் உள்ளே சுழற்றி அடித்து, உமியைக் கழற்றி, அரிசியைக் கீழே தள்ளும். பெல்ட் மாற்றுவது, பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது, மோட்டார் சூட்டைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்வது, எல்லாம் போளூர் மெக்கானிக் ஜீவானந்தம் கற்றுக் கொடுத்தது. அவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். "அண்ணே, இன்னா பண்றது?" என்று போனைப் போட்டால் போதும், பதில் வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் அவள் ஸ்பேனரையே கையில் எடுப்பாள்.

அந்த வருஷம் கோயில் பொங்கலுக்குப் புதுச் சாமை வந்தது. வீட்டுக்கு ஒரு படி. ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்துதான் அரிசியாக்க வேண்டும். சாமி முன்னால் எந்த வீடும் தனியாகத் தெரியக் கூடாது என்பது ஊர் வழக்கம். மிஷினில் போட்டால் பாதி உடைந்து நொய்யாய் வந்தது. வேகத்தைக் குறைத்தாள், உமியோடு வந்தது. கூட்டினாள், மறுபடி நொய். நொய்யில் சாமிக்குப் பொங்கல் வைக்கிற பேச்சே கிடையாது.

"உரல்ல குத்துங்கம்மா," என்றார் ஊர்ப் பெரியவர் முனியன். "இந்த இரும்பக் கீழ அனுப்பிட்லாம்."

ஈஸ்வரி ஜீவானந்தத்துக்குப் போனைப் போட்டாள்.

"வேகத்தக் கொறச்சிப் பாரு," என்றார் ஜீவானந்தம்.

"பாத்துட்டேண்ணே."

"கூட்டிப் பாரு."

"அதுவும் பாத்துட்டேன்."

அவர் மெதுவாகச் சொன்னார், "ஈஸ்வரி, நான் நெல்லு மிஷின்காரன். எனக்குத் தெரிஞ்சது இதோட தீந்து போச்சும்மா."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்தாள். "சொல்ல மனசில்லன்னா வுட்டுடுங்க," என்று வைத்துவிட்டு, மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த போனை யாருக்குப் போடுவது?

அழுது முடித்தவள் முறத்தை எடுத்தாள். நொய் வேறு, உமி போகாதது வேறு, முழு அரிசி வேறு என்று பிரித்தாள். ஒரே வேகத்தில் மூன்றும் எப்படி வரும்? குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். நொறுக்கென்று உடைந்தது. இன்னொன்று மெத்தென்று அமுங்கியது. பாறைமேல் போட்டு, அடியிலும் சூடு, மேலேயும் சூடு என்று மொறுமொறுக்கக் காயவைத்த வீடும் உண்டு. மழைக்குப் பயந்து பாதி காயும்போதே வாரி வந்த வீடும் உண்டு. காய்ந்தது உடைகிறது, ஈரமானது உமியை விடமாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் கலந்து கொட்டிவிட்டு மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தோமே!

நேரே முனியனிடம் போனாள். "ஒவ்வொரு வூட்டுச் சாமையும் தனியா ஓட்றேன் மாமா. அரிசியானப்புறம் கலந்துக்கலாம்."

"வழக்கத்த மாத்தறதுக்கு நீ யாரு?"

"சாமிக்குக் கலந்து போனா சரிதானே? மிஷினு இன்னா, சாமியா?"

முனியன் சிரிப்பை அடக்கினார். "ஒன் வாயிக்கு ஒரு வேகம் வெக்க முடியாதா? போ, ஓட்டு."

சாமை மறுபடி வீட்டுக்கு ஒரு படியாகத் தனித்தனியே வந்தது. கடித்துப் பார்த்துப் பார்த்து வேகம் வைத்தாள். முழுசு முழுசாக விழுந்தது. தேவயானி வீட்டுச் சாமை மட்டும் எந்த வேகத்துக்கும் அடங்காமல் உடைந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜீவானந்தம் வந்து இறங்கினார்.

"கோவமா?"

"ஒளிக்கிறீங்கன்னு நெனச்சிட்டேண்ணே."

"ஒளிக்கறதுக்கு எதுனா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்," என்று சிரித்தார். அவள் நடந்ததைச் சொல்ல, தேவயானி வீட்டுச் சாமையில் ரெண்டு மணியை அவரும் கடித்தார். "இது ஏன் ஒடையுது?"

பழக்கத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரோ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிலண்ணே. ரொம்பக் காஞ்சிருக்கு. கொஞ்சம் தண்ணி தெளிச்சி, ஊற வெச்சி ஓட்டிப் பாக்கட்டா?"

"பாரு. சொல்லிக்கினே பண்ணு, நானும் கத்துக்கறேன்."

ஈஸ்வரி சொம்புத் தண்ணீரில் கையை நனைத்தாள்.