தேய்க்காமல் விட்ட வெல்டிங்

ஒரு வீட்டு வாசலில் நிற்கும் கேட், பட்டறை வைத்துக் கேட் செய்து தரும் நம் கேட்டுக்காரர் செய்ததுதானா என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். கையால் தடவிப் பார்த்தால் போதும். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அது அவருடையதுதான். வெல்டிங் வைக்க ஆகும் நேரத்தைவிட, அதை கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்க அவருக்கு அதிக நேரம் ஆகும். “எங்கேப்பா ஒட்டினே, தெரியவே இல்லையே!” என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்குச் சாப்பாடுகூட இரண்டாம்பட்சம்தான்.

இவருக்கு வாய்த்த மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க, சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போகும் வேகத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊருக்கு வெளியே, விமானம் இறங்காமல் போன பழைய ஓடுதளத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே நடப்பது டிராக் ரேஸ். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார், எதிரே விளக்கு. பச்சை விழுந்ததும் நேராகப் பாய வேண்டும், முதலில் கோட்டைத் தாண்டியவருக்கு வெற்றி. மூச்சை இழுத்துப் பிடித்தால் விடுவதற்குள் முடிந்துவிடும். முதல் தடவை பள்ளிக்கூடச் சீருடையோடே போய் நின்றதால் அங்கிருந்தவர்கள் ‘டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கும் கோபம் வந்தால் ‘டீச்சரம்மா’தான்.

“வாரம் பூரா பிரேக் மேலயே காலை வெச்சிருக்கேன். ஒரு நாளாவது எடுக்க வேணாமா?” என்பார் டீச்சர்.

காருக்கு இந்த வெறியை ஏற்றிவிட்டது டீச்சரின் அண்ணன், கேட்டுக்காரரின் மச்சான். மெக்கானிக். வீட்டில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க்கொண்டிருந்த அப்பாவிக் காரில் என்னென்னவோ மாட்டி, முறுக்கி, அதைப் பாம்பு மாதிரிச் சீற வைத்துவிட்டான். வெளியே பார்த்தால் அதே பழைய கார், பின்கதவில் அதே சொட்டை.

கேட்டுக்காரரும் ஞாயிறுதோறும் கூடவே போவார். டயருக்குக் காற்றுப் பார்ப்பார், கண்ணாடி துடைப்பார், ஹெல்மெட் வாரைச் சரிபார்ப்பார். கார் ஓட்டக் கோட்டுக்குப் போனதும் தடுப்புக் கம்பி ஓரமாக நின்று முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒரு தடவைகூட மனைவி ஓட்டிப் பார்த்ததில்லை. காதால் மட்டும் கேட்பார். சத்தம் எழும்பி, கியர் மாறி, மறுபடி மாறி, தூரத்தில் அடங்கும். அடங்கியதும்தான் அவருக்கு மூச்சு வரும். கார் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் அவரை விட்டதே இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன பந்தயத்தில் கார் பறந்த பறப்பில் டீச்சருக்குக் கைதட்டலும் தடையும் ஒன்றாகக் கிடைத்தன. இந்த வேகத்தில் ஓடும் காரில் ரோல் பார் இருந்தே ஆக வேண்டுமாம். கார் புரண்டால் கூரை நசுங்கி ஓட்டுநர் தலையில் இறங்காமல் தாங்கிக்கொள்ள, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் கெட்டியான குழாய் வளைவு அது. அது இல்லாமல் இனி ஓட்டக் கோட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கினால் ஓடுதளத்தை மூடிவிடுவார்கள். மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு பந்தயம்.

அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் கேட்டுக்காரருக்கு முதலில் தோன்றியது. ஆனால் வீடு திரும்பியதும் டீச்சர் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, நீங்க போட்டுத் தர்றீங்களா?”

“கேட் செய்யறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?”

“வேற யார்கிட்ட கேக்கறது? என் தலைக்கு மேல நிக்கப் போற கம்பி. அதை வேற ஒருத்தர் போட்டா எனக்குத் தூக்கம் வராது.”

அங்கேயே மனிதர் விழுந்துவிட்டார். இவளை நிறுத்துவது நடக்காத காரியம். குறுக்கே ஒரு இரும்பையாவது நிறுத்தி வைக்கலாமே என்று மனசு துள்ளிக் குதித்தது. மறுநாளே பட்டறை வாசலில் ‘கேட் வேலை ஒரு வாரம் இல்லை’ என்று சாக்பீஸால் எழுதிப் போட்டுவிட்டார்.

இருக்கைகளைக் கழற்றினார்கள். தரைவிரிப்பைச் சுருட்டினால் அடியில் தலைமுடிக் கிளிப், பிஸ்கட் தூள், மச்சான் எங்கே தொலைத்தோம் என்று ஊரெல்லாம் தேடிய ஸ்பேனர், கூடவே டீச்சரின் ஒற்றைத் தோடு. அந்தத் தோட்டைத் தொலைத்த பழி நெடுநாளாகக் கேட்டுக்காரர் தலையில் இருந்தது.

“இப்ப என்ன சொல்றே?”

“நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்றேன்” என்றார் டீச்சர், சிரிக்காமல்.

ஓட்டுநர் இருக்கையை மட்டும் திரும்ப வைத்து, ஹெல்மெட்டோடு டீச்சரை உட்கார வைத்து அளவெடுத்தார். வளைவு ஹெல்மெட்டுக்கு மேலே நிற்க வேண்டும், கூரையிலும் இடிக்கக் கூடாது. தெருவில் போகிறவர்கள், நிற்கிற காரில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கேட் வளைக்கிற கருவியில் அந்தக் குழாயை வைத்தால் மடங்கிச் சப்பையாகிவிடும். அதனால் பெரிய குழாய்களை வளைக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனார். ஒன்று கேட்டால் இரண்டாக வளைத்து வைத்துக்கொள்வது அவருடைய பழைய பழக்கம். இங்கேயும் இரண்டு வளைவு வாங்கி வந்து, ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்தார்.

பாட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாய் பக்கம் ஈரச்சாக்கு போட்டு, கண்ணாடிகளைப் போர்வையால் மூடி வேலையை ஆரம்பித்தார். கார் தரை வெறும் தகரம், அதன்மேல் குழாயை நிறுத்தினால் குத்திக்கொண்டு கீழே போய்விடும். கெட்டித் தகடு போட்டு அதன்மேல்தான் கால்களை ஊன்ற வேண்டும். வளைவிலிருந்து பின்பக்கம் சாய்வாக இறங்கும் தாங்கு குழாய்கள் இரண்டு. அவை மேலே சேரும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. கூரை இடிக்கிறது, மேல்பக்கம் வெல்டிங் வைக்கக் கை நுழையவில்லை.

“அவ்ளோதான் மாப்ளே. கூரையை வெட்டிருவோம்” என்றான் மச்சான்.

“உன் வாயை வெட்டினா போதும்” என்றார் கேட்டுக்காரர்.

கொஞ்ச நேரம் காருக்குள் மல்லாந்து படுத்து யோசித்தார். பிறகு தரையில் கால் நிற்கும் இடங்களில் துளை போட்டு, மொத்த வளைவையும் துளைக்குள் கீழே இறக்கினார். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே கை போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. மேல் இணைப்பைச் சுற்றிலும் முடித்துவிட்டு, வளைவைத் தூக்கி நிறுத்தி, துளைமேல் தகட்டைக் கொடுத்துக் கால்களை ஒட்டினார். மச்சானுக்கு வாயடைத்துப் போனது. அது லேசில் நடக்கிற காரியமில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்டுக்காரர் கிரைண்டரை எடுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் கண்ணும் கருத்துமாகத் தேய்த்தார், தடவினார், மறுபடி தேய்த்தார். முதல் பூச்சு அடித்து மேலே சாம்பல் நிறப் பெயின்டும் அடித்து முடித்தபோது, மொத்தமும் ஒரே குழாயாகப் பிறந்து வந்ததுபோல் இருந்தது.

“நகைக்கடையில வைக்கலாம் மாப்ளே!” என்றான் மச்சான்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை, ஓடுதளத்தில் வண்டிச் சோதனை. சோதிக்கிறவர் பல் டாக்டர் மாதிரி கைப்பிடி வைத்த ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை எப்போதும் வைத்திருப்பார். அதனால் கண்ணாடிக்காரர் என்றே பெயர். குழாய் கனத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், தலையாட்டினார். கண்ணாடியை மேல் இணைப்புக்குள் விட்டார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார்.

“வெல்டிங் எங்கே?”

கேட்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. “தெரியாதுங்க. அதுதான் நம்ம கைவேலை.”

“தெரியணும்” என்றார் கண்ணாடிக்காரர்.

கேட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“தப்பா நினைக்காதீங்க. வெல்டிங் வெச்சா மேல மேடா நிக்கும் பாருங்க, அதுவும் சேர்ந்துதான் பலம். அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. உள்ள எவ்ளோ மிச்சம் இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை நம்பி இவங்களை நான் ஓட விட முடியாது.”

தேய்த்துத் தள்ளிய இரும்புத் தூள் பட்டறைத் தரையில் மினுமினுத்துக் கிடந்தது கேட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. மனைவி உயிருக்குக் காவல் என்று வைத்ததை அழகுக்காகத் தானே கரைத்துப் பெருக்கித் தள்ளியிருக்கிறார். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

“நாளைக்குக் காலையில, ஓட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி நான் இங்க இருப்பேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

வழியில் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “விடுங்க. மழை முடிஞ்சு பாத்துக்கலாம்.”

இதைத்தானே அவர் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தார்? தானாக வந்த வாய்ப்பு. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“சுவத்துல ஒரு வளைவு சும்மாதானே நிக்குது? வண்டியை வேகமா ஓட்டு!”

“நெஜமாவா சொல்றீங்க?”

“ஓட்டுன்னா ஓட்டு டீச்சரம்மா! பள்ளிக்கூட பஸ்ஸா இது?”

அன்று அந்தப் பட்டறையில் நடந்தது வேலையல்ல, அமர்க்களம். நகைக்கடைக்குப் போக வேண்டிய ரோல் பாரைக் கேட்டுக்காரரே அறுத்து வெளியே வீசினார். மச்சான் தகடு வெட்டினான், டீச்சர் காருக்கு அடியில் படுத்துத் துளைகளைச் சரிபார்த்தார். புது வளைவு உள்ளே இறங்கியது, ஏறியது, நின்றது. பட்டறை முழுக்கப் பொறி பறந்தது. குனிந்தும் மல்லாந்தும் ஒருக்களித்தும் இணைப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார் கேட்டுக்காரர். இதுவரை தேய்த்துவிடப் போகிறோம் என்றே வைத்த கை, இப்போது ஒவ்வொரு சுற்றையும் நிதானமாக, அடுக்கடுக்காக வைத்தது. வெயில் சாயும் முன் கடைசி இணைப்பும் முடிந்தது.

முடிந்ததும் கை நமநமவென்றது. தன்னையறியாமல் மேஜைப் பக்கம் துழாவினார். கிரைண்டர் இல்லை.

“எங்க போச்சு?”

டீச்சர் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு, சாக்கின்மேல் தானே உட்கார்ந்திருந்தார். “எந்திரிக்க மாட்டேன்” என்றார்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் வளைவைச் சுற்றிக் கண்ணாடியைக் கொண்டுபோனபோது கேட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வெல்டிங்கை அடுத்தவர் பார்ப்பது அவருக்கு உடுப்பில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரர் ஹெல்மெட் படக்கூடிய இடத்தில் சுற்றிய பஞ்சுறையை அழுத்திப் பார்த்தார், தோள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அனுமதி ஸ்டிக்கரை எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டினார்.

“இவ்ளோ நல்ல கையை எதுக்குங்க தேய்ச்சு மறைச்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

டீச்சரின் முறை வந்தது. பக்கத்துத் தடத்தில் சிவப்புக் கார் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. கேட்டுக்காரர் வழக்கம்போல் தடுப்புக் கம்பி ஓரம் போய், வழக்கம்போல் திரும்பினார். பாதி திரும்பியவர் அப்படியே நின்றார். பின்கண்ணாடி வழியாக அந்தப் புது வளைவு தெரிந்தது, அதற்கு முன்னால் ஹெல்மெட். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடுதளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பார்த்தே விடுவது என்று.

பச்சை! சிவப்புக் கார் முந்திக்கொண்டது. ஒரு கணம் கழித்துத்தான் டீச்சர் கிளம்பினார். கிளம்பினதா அது? பின்சக்கரம் புகையைக் கக்கியது, மூக்கு தூக்கியது, பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்கியது. டீச்சர் ஸ்டியரிங்கை லேசாகத் தட்டி நேராக்கினார், அடுத்த கியர், அதற்கடுத்தது. சிவப்புக் காரை எட்டிப் பிடிக்கிறது, இதோ பின்கதவு, இதோ முன்கதவு. யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள். “விடாதே! விடாதே! போ!” கத்துவது தான்தான் என்று அவருக்குக் கோடு தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாள் இப்படி ஒரு சந்தோஷத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோமே என்று அவருக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

மூக்களவில் சிவப்புக் கார் ஜெயித்தது. ஆனால் ஒவ்வொரு காருக்கும் கடிகாரம் அதன் சக்கரம் உருண்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கில் டீச்சர் ஓட்டியதுதான் அன்றைக்கு எல்லோரையும்விட வேகம், டீச்சர் ஓட்டியதிலேயே அதிக வேகமும்கூட. மச்சான் நேரச்சீட்டை ஆட்டிக்கொண்டு குதித்தான். கார் திரும்பி வந்து நின்றது.

“எல்லாம் சரிதான், கிளம்பறப்ப என்ன தூங்கிட்டியா? அதுலதானே போச்சு!” என்று தங்கையைப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. அண்ணனைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தார்.

“எல்லாம் இவராலதான். ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி பக்கக் கண்ணாடியில அந்தக் கம்பிப் பக்கம் பாப்பேன். முதுகுதான் தெரியும். சரி, இருக்காருன்னு கிளம்பிருவேன். இன்னைக்குப் பாத்தா மூஞ்சி தெரியுது! அதைப் பாத்துட்டே இருந்துட்டேன், பச்சை விழுந்ததே தெரியலை.”

கேட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தான் போட்ட வெல்டிங்கை மேடு மேடாகத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அடுத்த தடவை திரும்பியே நின்னுக்கட்டுமா?”

“நின்னுதான் பாருங்களேன்” என்றார் டீச்சர். “பெல்ட்டைக் கழட்டிட்டு எறங்கி வந்து திருப்பி விட்டுட்டுத்தான் கிளம்புவேன்.”