மணைக்குப் போன பலகைகள்

சிறு தொழில் செய்கிறவர்கள் ஏன் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏசி ஹால். கோட்டு போட்ட ஒருவர் வந்து முதலீடு, திட்டமிடல், சந்தை என்று திரையில் காட்டிக் காட்டிப் பேசினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீட்டில் காரணம் அவ்வளவு பெரியது இல்லை. இந்த மனுஷனுக்கு "முடியாது" என்று சொல்ல வராது. அவ்வளவுதான்.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் பேலட் செய்கிறோம். சரக்குப் பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்கிப் போவார்களே, அந்த மரத்தட்டு. ஷெட் போட்டபோது அவர் சொன்ன லட்சியம் ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு பெரிய கம்பெனிக்கு நேரடி சப்ளையர் ஆகிவிட வேண்டும், ஆன அன்றைக்கே நான் ஷிப்ட் வேலையை விட்டுவிட வேண்டும். நான் ஒரகடத்தில் சார்ஜர் செய்யும் லைனில் இருந்தேன். நான் வீடு திரும்பும்போது அவர் ஷெட்டுக்குக் கிளம்பியிருப்பார். அவர் வருவதற்குள் என்னைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். கழுவாத தட்டு கிடந்தால் மனுஷன் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். நாங்கள் சண்டை போட்டதுகூடப் பாதி போனில்தான்.

அவரோ ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். காலையில் பேலட் அடிக்க உட்கார்ந்தால், ஹாஸ்டல் பையன்கள் உடைந்த கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "செஞ்சிடலாம்." பள்ளிக்கூடத்து பெஞ்சு ஆடுகிறது என்பார்கள். "அனுப்புங்க டீச்சர்." கோழிக்கூண்டுக்குக் கதவு, அயர்ன்காரருக்கு மேசை, எதிர்த்த தெருவில் நாய்க்கு வீடு. நாய்க்கு வீடு! எங்களுக்கே வாடகை வீடு. கேட்டால், "ஊரார் புள்ளைய ஊட்டி வளர்த்தா நம்ம புள்ள தானா வளரும்மே" என்பார். நம் பிள்ளை பேலட் என்றால், அது வளரவே இல்லை.

கடைசியில் ஒரு கம்பெனி எங்களைப் பார்க்க ஆடிட் வருவதாகச் சொன்னது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கான பேலட் என்பதால், பூச்சி இல்லாதபடி மரத்தைச் சூளையில் சூடேற்றி, அதற்கு அடையாளமாக ஒரு முத்திரை போட்டிருக்க வேண்டும். வெளியே சூளைக்கு அனுப்பி, முத்திரை போட்டு, ஒரு சாம்பிள் பேலட்டை அழகாகச் செய்து வைத்தார். ஆடிட் என்றால் என்னவென்று லைனில் நின்ற எனக்குத் தெரியாதா? லீவு போட்டேன். முதல் நாளே ஷெட்டைக் கழுவி, தரையில் மஞ்சள் கோடு போட்டு, மூலையில் கிடந்த ஓட்டை உடைசல், துண்டு மரம், பழைய பலகை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி விரட்டிவிட்டேன். ஷெட்டில் ஒரு குச்சி மிச்சம் இல்லை. எனக்கே என்னைப் பாராட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை ஆடிட்டர் மேடத்துக்கு பிஸ்கட்டும், சாமி படத்துக்குப் பூவும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். மஞ்சள் கோட்டுக்குள் நிற்க வேண்டிய சாம்பிள் பேலட்டைக் காணோம். ஆணி பிடுங்கிய கட்டைகள்தான் கிடக்கின்றன. பக்கத்தில் இவர், கையில் சுத்தியலோடு, கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் பளபளக்க நிற்கிறார்.

"இன்னாய்யா இது? பேலட் எங்க?"

"எதிர் மண்டபத்துல கல்யாணம்மே. மணைய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டாங்க. வூடு மணிமங்கலத்தாண்ட கீது. ரோட்ல டிரெய்லர் கவுந்து ஒரு வண்டியும் நவுரல. பொண்ணோட மாமா ஓடியாந்து கையப் புடிச்சிக்கினாரு. முகூர்த்தம் போய்டும்னு அழுவறாரும்மே."

"சேர்ல உக்கார வெக்க வேண்டியதுதான?"

"பெரிசுங்க ஒத்துக்கல."

"அதுக்கு? சாம்பிளப் பிரிச்சா மணை அடிச்ச?"

"வேற மரம் இன்னா கீது? நேத்து நீதான எல்லாத்தையும் வாரி அனுப்பிட்ட."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுத்தியல் என் கையில் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம். அழுகையும் வந்தது. புது பேலட் அடிக்கலாம் என்றால் சூளைக்குப் போய் முத்திரையோடு வர ஒரு நாளாவது ஆகும். எதிரே கெட்டிமேளம் கொட்டியது. அதே நேரம் வாசலில் மேடத்தின் கார் வந்து நின்றது.

சின்ன வயசுக்காரி, கண்டிப்பானவள். இவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனால் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"முத்திரை போட்ட மரம் இப்படி வெளிய போகவே கூடாது சார். ஒண்ணு அதைத் திரும்ப வாங்குங்க. இல்ல, முத்திரைய அழிச்சிட்டு போட்டோ அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் நான் மறுபடியும் வர முடியும்."

மிச்ச லீவை விட்டுவிட்டு அன்று மதியமே நான் ஷிப்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். யாராவது என்னவென்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இழைப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். பென்னலூரில் வீடு. பெண்ணோடு அங்கே வந்துவிட்ட மணை, சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"தாலி ஏறுன மணை. அதுல இழைப்புளி வெக்கறதா? முடியாது."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "கேட்டியா? அந்தம்மாவுக்கு எவ்ளோ சுளுவா வருது பாரு."

இவர் உடனே, "சரிம்மா, வுடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நல்ல வேளையாகக் கல்யாணப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். அவளும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவள்.

"அத்தே, ஆடிட்ல மாட்டிக்கினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். முத்திரை அடிப்பக்கம்தான கீது, இழைச்சிக்கட்டும். நமக்காவப் போய்தான அவருக்கு இந்தக் கஷ்டம்?"

மாமியார் யோசித்தாள். முதலில் மணைக்குக் கற்பூரம் காட்ட வேண்டும், பிறகு தொடலாம் என்றாள். காட்டினோம். இவர் மணையைக் கவிழ்த்து, குழந்தைக்கு முதல் முடி இறக்குகிற பதத்தில், மெள்ள மெள்ள இழைத்தார். முத்திரை சுருள் சுருளாக விழுந்தது. ஒரு சுருளைக்கூட விடாமல் நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மணையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். படத்தின் ஓரத்தில் கற்பூரத் தட்டும் விழுந்துவிட்டது. ஆடிட் வரலாற்றில் அப்படி ஒரு படம் போயிருக்காது.

மேடம் இரண்டாம் முறை வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு நான் காவல் இருந்தேன். கட்டில் தூக்கி வந்தவர்களை எல்லாம் முறைத்தே அனுப்பினேன். மேடம் புதிதாகச் செய்து வைத்த சாம்பிள் பேலட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கிளம்பும்போது, "அந்தக் கல்யாணப் பொண்ணு நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது.

நான் வேலையை விட்டு வந்த மறுநாள் மதியம், பகல் வெளிச்சத்தில் இரண்டு தட்டு போட்டு உட்கார்ந்தோம். எனக்குப் பிடித்த வஞ்சிர மீன் அவரே வாங்கி வந்திருந்தார். இரண்டு கவளம்கூடப் போகவில்லை, போன் அடித்தது. லைன் சூப்பர்வைசர்.

"ரெண்டு பேர் வரலம்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வந்து பார்த்துக் குடுத்துடும்மா. உன்னை விட்டா எனக்கு யாரு?"

வேலையை விட்டாயிற்று, இனி அவர் எனக்கு யாரோ. ஆனாலும் "சரி சார்" என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் OT என்று யார் கேட்டாலும் நான் சொன்னது அதுதானே? கை தட்டிலிருந்து எழப் பார்த்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் குழம்புக் கையோடு போனை வாங்கினார்.

"சார், நான் அவங்க வூட்டுக்காரரு பேசறேன்."

தொண்டையைச் செருமினார். நாய்க்கு வீடு கட்டிக் கொடுத்த மனுஷன்.

"முடியாது சார்."

குழம்பு அப்பிய போனைக் கீழே வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சோற்றைப் பிசைந்தார், நிறுத்தினார், மறுபடி பிசைந்தார்.

"பாவம்மே அவரு. ரெண்டு பேரு வரலியாமே."

"அடப் பாவி மனுஷா," என்றேன், "பேசாம சாப்பிடு."