ஐம்பத்தெட்டு வயதில் ஈடாகும் பட்டம்

எங்கள் சம்பளப் பிரிவில் அவருக்குப் புள்ளியக்கா என்று பெயர். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு காசு இடித்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார் என்பதால் வந்த பெயர். ஃப்ரிட்ஜ் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. கீழே இயந்திரங்கள், மாடியில் எங்கள் அறை. இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, மனம் வந்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு பிரின்டர். இதை வைத்துக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மாதம் தவறாமல் சம்பளச் சீட்டு போட வேண்டும். அக்கா பள்ளிப் படிப்போடு வந்து சேர்ந்து இருபத்து நான்கு வருடம். நான் கணக்கியல் பட்டத்தோடு வந்து ஆறு வருடம்.

யாருக்கு எவ்வளவு என்று நாங்கள் மூச்சுவிடக் கூடாது. அக்காவின் வீட்டுக்காரர் இதே தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறார். பக்கத்து லாரிக்காரருக்கு எவ்வளவு என்று பதினைந்து வருடம் கேட்டுப் பார்த்து, இப்போது அலுத்துவிட்டார். எங்களுக்குள்ளும் ஒரு ஏற்பாடு உண்டு. என் சீட்டை அக்கா போடுவார், அக்காவின் சீட்டை மேனேஜர் போடுவார். என் சம்பளம் அவருக்குத் தெரியும், அவருடையது எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்கத் தோன்றியதும் இல்லை.

அக்காவின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது. நான்கு வருடம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்ட வேண்டும். அதே நேரத்தில் எங்கள் தொழிற்சாலையும் இயந்திரம் இயக்க ஆள் எடுத்தது. இரண்டு வருடப் பயிற்சி, பயிற்சியிலேயே உதவித்தொகை, முடித்தால் வேலை நிச்சயம். மகளுக்குப் படிக்கத்தான் ஆசை. அப்பா, "உங்கம்மா என்ன சொல்றாளோ அதான்" என்று நழுவிக்கொண்டார். அக்கா ஆசையையும் கண்ணீரையும் நம்புகிறவர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துப் புதன்கிழமை சொல்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் அந்தக் கணக்கிலேயே போனது. பிரின்டர் கடித்துத் துப்பிய தாளின் பின்பக்கத்தில், பென்சிலால் இரண்டு பத்தி. ஒன்றில் பட்டதாரி, மற்றதில் இயந்திரக்காரர். கட்டணம், விடுதி, படிக்கும் வருடங்களில் கைவிட்ட சம்பளம் எதையும் அவர் விடவில்லை. இரண்டு வேலைக்கும் என்ன சம்பளம் வரும் என்று ஊரில் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் தலைக்குள் இருக்கிறதே.

புதன்கிழமை மகள் கட்டண ஃபாரத்தோடு வந்து அலமாரி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா தாளை நீட்டினார்.

"போட்ட காசு திரும்பி வர உனக்கு அம்பத்தெட்டு வயசு ஆகுது. அறுபதுல ரிட்டையர். ரெண்டு வருஷ லாபத்துக்கு நாலு வருஷப் படிப்பாடி?"

மகள் ஃபாரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

தண்ணீர் எடுக்க எழுந்த நான் தாளை எட்டிப் பார்த்தேன். பட்டதாரி என்ற இடத்தில் 27,840 என்று இருந்தது. போன மாதம் என் கைக்கு வந்த தொகை. பட்டம் வீண் என்பதற்கு ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானா சாட்சி? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தோடு பார்த்ததால்தான் தப்பும் கண்ணில் பட்டது.

எங்கள் தொழிலில் சீட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும், கைக்கு வரும் தொகைதான் எல்லாம். சண்டைக்கு வருகிறவர்கள் விரல் வைப்பதும் அங்கேதான். இருபத்து நான்கு வருடமாக அக்காவின் கண் நேரே அங்கேதான் போகும்.

"அக்கா, அது பிடித்தம் போக உள்ள தொகை. என் படிப்புக் கடன் எட்டாயிரத்து இருநூறு அதுல கழிஞ்சிருக்கு. நீங்க மேல கட்டணத்தையும் கழிச்சிருக்கீங்க. ஒரே படிப்புக்கு ரெண்டு தடவ."

"கடன் கட்டத்தானே வேணும்?"

"அடுத்த வருஷத்தோட முடியுதே. நீங்க அம்பத்தெட்டு வயசு வரைக்கும் கட்ட வெச்சிருக்கீங்க."

அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. புள்ளியக்காவின் கணக்கு இடிக்கிறது! எழுதியதை அழித்தார், மறுபடி போட்டார். இரண்டு முறை சரிபார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் சம்பளம் எங்கம்மா?"

"நான் எதுக்குடி இதுல? நான் பட்டமும் வாங்கல, மெஷினும் ஓட்டல."

"அதான்மா கேக்கறேன். ஒரே ரூம், ஒரே வேலை. இவர் படிச்சவர், நீ படிக்கல. பட்டத்துக்கு என்ன வெலைன்னு அதுலதானே தெரியும்?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். அதுவரை எதற்கும் மீறாத சட்டத்தை மீறி, பென்சிலை எடுத்து, என் தொகைக்குக் கீழே தன் தொகையை எழுதினார். பிடித்தம் எதுவும் போகாத மொத்தச் சம்பளம்.

என் மொத்தத்தைவிட இரண்டாயிரத்து நூறு குறைவு.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது.

"எப்பலேருந்துக்கா?"

"நீ வந்த மூணாவது வருஷத்துலேருந்து. பட்டதாரிங்களுக்கு மட்டும் ஒரு உயர்வு வந்துச்சே, அப்ப."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்த ஆர்டர டைப் பண்ணதே நான்தானே."

கோபமோ குறையோ அந்தக் குரலில் இல்லை. முந்நூறு சீட்டில் ஒரு சீட்டைப் பற்றிப் பேசுகிற குரல்.  மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அக்கா அவள் பக்கம் கையை நீட்டினார்.

"கொடு அந்த ஃபாரத்த. சுருட்டிச் சுருட்டி என்ன பண்ணி வெச்சிருக்கே பாரு."

மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கணக்குத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிரிவின் சட்டம் அப்படி.

அந்த மாதமும் என் சீட்டை அவர்தான் போட்டார். ஒரு காசு இடிக்கவில்லை.