கும்மிக்காரியின் இதயப்படம்

இதயத்தைப் படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ. அறையில் ஆயா வேலை என்றால், வருகிறவர்களின் நகையோடு பயத்தையும் சேர்த்துக் கழற்றி வைக்க வேண்டும். கோயமுத்தூரில் ஏதாவதொரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பேர் கூப்பிடக் காத்துக் கிடந்தவர்களுக்கு இது புரியும். எட்டாவது படித்த எனக்கு அந்த மெஷின் இன்னமும் அதிசயம்தான். கத்தி படாமல், துடிக்கிற இதயத்தை டிவியில் காட்டிவிடுகிறதே!

கொலுசு

கவிதா உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே இதயக் கோளாறு. மூன்று வயதில் ஆபரேஷன். இதயத்தின் வலதுபக்க அறை பெரிதாகிறதா என்று வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த வருஷம் ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். மணிக்கணக்கில் குதித்து ஆடவேண்டும். ஆடலாமா என்று டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

தோடு, வளையல் எல்லாம் கழற்றினாள். கொலுசில் மட்டும் கை தயங்கியது. அவள் அம்மா வெடுக்கென்று சொன்னார்: "கழட்டு கண்ணு. ஆடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டா அப்புறம் அது எதுக்கு?"

மூச்சு

படம் எடுக்கையில் அடிக்கடி மூச்சை அடக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஒரு சின்ன மாதா ஜெபம் சொல்கிற நேரம் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா. கும்மியில ஒரு சுத்து சுத்துற நேரம்னு வெச்சுக்கட்டுங்களா?"

தாளம்

மெஷின் தட்ட ஆரம்பித்தது. படம் கலங்கிக் கலங்கி வந்தது. டெக்னீஷியன் தம்பி பொறுமைசாலி. முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி எடுத்தார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், போர்வைக்கு வெளியே அவள் பாதம் ஆடிக்கொண்டிருக்கிறது! காதை அடைத்துக்கொண்டு உள்ளே போய், முடிகிற வரைக்கும் அவள் இரண்டு காலையும் பிடித்தபடி நின்றேன். வாய் ஜெபித்துக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் சொன்னாள்: "நான் என்னங்கம்மா பண்ணட்டும்? உங்க மெஷினு தாளம் தப்பாம அடிக்குதுங்க!"

பதில்

டாக்டர் போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இதய அறை பெரிதாகவில்லை. "ஆடட்டும். மூச்சு வாங்கினா உடனே உட்கார்ந்துக்கணும்" என்றார்.

கவிதாவின் அம்மா வராந்தாவுக்கு வந்து குனிந்து, மகளுக்குத் தன் கையாலேயே கொலுசை மாட்டிவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்:

"ஏனுங்க, அரங்கேத்தத்துக்கு நீங்களும் வந்துருங்க. ஆனா அன்னைக்கு அவ காலைப் புடிச்சுப்போடாதீங்க!"

நாளைக்கு ஆடுவதற்காக இன்றைக்கு ஆடாமல் பிடித்து வைப்பதுதான், யோசித்துப் பார்த்தால், என் உத்தியோகம்.