ஒருத்தி உதட்டில் மட்டும்

என் இரட்டைப் பெண்களில் இளையவள் மேலுதட்டில் பிளவோடு பிறந்தாள். மூத்தவளுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகளைப் பார்க்கப் பாலக்கரையிலிருந்து வந்த நாத்தனார், வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "கிரகணத்தன்னிக்கு என்னத்த நறுக்கின?"

நான் எதையும் நறுக்கவில்லை. கிரகணம் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். ஸ்ரீரங்கத்து வீட்டில் மாமியார் ஜன்னல்களைச் சாத்தி, என்னைப் படுக்கவைத்து, கதவருகே தானே காவல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதே மாமியார் இப்போது, "நான் கண்ணசந்த நேரத்துல இவ எந்திரிச்சு எதையாவது செஞ்சிருப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரிடம் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"வயித்துல இருக்கும்போது ரெண்டாவது மாசமே உதடு சேர்ந்துடும்மா. ஏழாம் மாச கிரகணம் என்ன பண்ணும்? ரெண்டு பேரும் ஒரே கருவிலேருந்து பிரிஞ்சவங்கதான். அப்படியும் ஒருத்திக்கு மட்டும் இப்படி ஆகலாம். பரம்பரை, உள்ள ரத்தம் போற அளவுன்னு பல காரணம் சேரலாம். உங்க பேத்திக்கு எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாது."

மாமியார் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள், "டாக்டருக்கே தெரியலையாம்" என்று நாத்தனாருக்குப் போன் போய்விட்டது.

ஆபரேஷனில் உதட்டைச் சேர்த்துவிட்டார்கள். இருவரும் ஸ்கூலுக்குப் போகிறார்கள். ஆனால் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது தழும்பைப் பார்த்துவிட்டு, வயிற்றில் இருந்தபோது என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். அதே வயிற்றில்தான் மூத்தவளும் இருந்தாள். அவள் நன்றாகப் பிறக்க நான் என்ன செய்தேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.