ரிசீவரம்மா போட்ட தாழ்ப்பாள்

வக்கீல் பத்மாவதி அம்மா இறந்த செய்தியை என் தையல் கடைக்குக் கொண்டுவந்தவள் நூர்ஜஹான். அவளுக்குக் கண் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ரிசீவரம்மா போயிட்டாங்கடி."

அழுவாள் என்று நினைத்தேன். "அந்த மேனேஜர் இன்னும் இருக்கானா?" என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன்.

"அவன் இருக்கும்போது இவங்க எப்டிப் போலாம்?" என்று சுவரில் ஓங்கி அறைந்தாள்.

அம்மாவைக் கோர்ட்டில் கறுப்பு அங்கியில் பார்த்தவர்கள், இதைப் படிக்கும் உங்களில் பலர். நாங்கள் அவரைச் சந்தித்தது எழுபதுகளில், செங்கம் சாலையில் இருந்த ஒரு பெண்கள் விடுதியில். கால் விளங்காத என்னைப்போல, பார்வையற்ற நூர்ஜஹானைப்போல, போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே இருந்தோம். கார்த்திகை தீபத்துக்கு வந்து நன்கொடை தரும் வெளியூர்க்காரர்கள் முன்னால் எங்களுக்குப் புதுச் சேலை கட்டி வரிசையாக நிறுத்துவான் மேனேஜர். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் சேலைகளைப் பறித்துப் பெட்டியில் பூட்டுவான். மரியாதை விகுதி அவனுக்குத் தர எனக்கு மனமில்லை. எதிர்த்துப் பேசினால் ஜன்னலில்லாத பின்கட்டு அறை. அதற்குள் காய்ச்சலோடு கிடந்த நூர்ஜஹான் முனகியதைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்.

விடுதியில் இருந்த தன் தங்கையைப் பார்க்க வந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் அதைக் கண்டு வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை விடுதியை ஏற்று நடத்தும் ரிசீவராக அம்மாவை நியமித்தது நீதிமன்றம்.

பொறுப்பேற்ற அன்று அம்மா பின்கட்டு அறை முன் நின்றார்.

"அது சாமான் ரூமுங்க. யாரையும் வெக்கறதில்ல" என்றான் மேனேஜர்.

"அப்படீங்களா? என்ன சாமான் இருக்குன்னு உள்ள போய்ப் பார்த்துச் சொல்லுங்க."

போனான். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கொஞ்சம் பொறுத்து உள்ளே அலறல்.

"தெறங்கம்மா! மூச்சு முட்டுது!"

அம்மா நூர்ஜஹானைப் பார்த்து, "நீ சொல்றப்ப தெறக்கறேன்" என்றார். நூர்ஜஹான் சாவகாசமாகத் தலைமுடியை அவிழ்த்து, சீவி, பின்னி முடித்த பிறகே "தெறங்கம்மா" என்றாள். அத்தனை அழகாக அவள் பின்னி நான் பார்த்ததில்லை.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. ரிசீவர் தன்னை மனிதர் இருக்கவே முடியாத இருட்டறையில் அடைத்ததாகச் சத்தியம் செய்து மனுப்போட்டான். நீதிபதி அம்மாவைக் கடுமையாகக் கண்டித்தார். அம்மா தலைவணங்கி, "என் தப்பை ஒத்துக்கறேன். அந்த ரூம் எப்படிப்பட்டதுன்னு அவரே எழுதினதையும் பதிவு செய்யணும்" என்றார். அடுத்து நூர்ஜஹான் கூண்டேறி, அதே அறையில் தான் கிடந்ததைச் சொன்னாள். விடுதி அவன் கையைவிட்டு நிரந்தரமாகப் போனது.

அதன் பிறகு அம்மாவை எந்த வழக்கிலும் ரிசீவராகப் போடவில்லை. வருத்தமா என்று கேட்டேன். "அந்தாளு கத்தினதக் கேட்டேனே, அது போதும்டி" என்று சிரித்தார்.

அம்மாவின் அடக்கத்தன்று மேனேஜரும் மாலையோடு வந்தான். கிழவனாகியிருந்தான். நான் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்து வாசலில் நின்றேன்.

"வழி விடும்மா. செத்தவங்க மேல என்ன கோவம்?"

"செத்தவங்க மேல இல்லீங்க."

அம்மாவை எடுக்கும்வரை வெயிலில் நின்றான். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. மறப்போம், மன்னிப்போம் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் அந்த அறைக்குள் இருந்ததில்லை. அம்மா எனக்கு விட்டுப்போனது இந்த வன்மம்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.