அந்தப் பங்களாவின் இளைய மகள்

பிழை திருத்துகிறவளுக்குப் படம் பார்க்க ஏது நேரம்? மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருக்கிற எங்கள் அச்சகத்தில் முப்பது வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் எழுத்தைத்தான். அன்று மட்டும் கண் ஒரு படத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அடையாற்றங்கரை பங்களா ஒன்று பெரிய நட்சத்திர ஹோட்டலாகியிருந்தது. அங்கே கல்யாணம் செய்ய வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, அந்த வீட்டின் வரலாற்றைத் தமிழில் சின்னப் புத்தகமாகப் போடச் சொல்லியிருந்தார்கள். அடையாறு ஊருக்கு வெளியே தோப்பும் வயலுமாகக் கிடந்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிய தோட்ட வீடு. அப்புறம் ஒரு வக்கீல் குடும்பம் வாங்கியது. அப்புறம் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகை, அண்ணன் தம்பி வழக்கு, கடைசியில் ஹோட்டல். எனக்குத் தெரியாத கதையா? என் அம்மா அந்த வக்கீல் வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய், பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். குழாயடி இருந்த இடத்தில் இப்போது ஸ்பாவாம். எண்ணெய் தேய்த்து விடுகிறார்களாம். நன்றாகத் தேய்க்கட்டும்.

பதினாலாம் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். மணப்பெண்ணுக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி குனிந்து தாலியில் மூன்றாவது முடிச்சைப் போடுகிறாள். கீழே, ‘அண்ணிக்கு நாத்தனார் முடிச்சு போடும் வீட்டின் இளைய மகள்’ என்று இருந்தது. அவளுடைய இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் அம்மா.

அம்மாவைப் பட்டுப்புடவையில் நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்கே பூனம் புடவைதான் கட்டினாள். வீட்டின் இளைய மகள் என்றால், இத்தனை நாள் அங்கே பாத்திரம் தேய்த்தது யார்? நான் யார்? புத்தி கண்ட இடத்துக்கெல்லாம் ஓடியது. வெட்கங்கெட்ட சந்தேகங்கள்கூட வந்தன, மறைப்பானேன். மறுநாள் மாலை புத்தகம் அச்சேற வேண்டும். படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெரும்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்தபோது அம்மாவுக்கு அங்கேதான் ஐந்தாவது மாடியில் வீடு ஒதுக்கினார்கள். அசோக் நகருக்கு வந்து என்னோடு இரு என்றால் கேட்கமாட்டாள்.

அம்மா கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஐயே! இது எங்கேர்ந்துடி கெட்ச்சுது?”

“அத விடு. நீ எப்போம்மா அந்த வீட்டுப் பொண்ணு ஆனே?”

“மாப்ள சின்னய்யாவுக்குக் கூடப் பொறந்த பொண்ணு கெடையாது. முடிச்சு போட வேண்டிய சித்தப்பன் பொண்ணு, இன்னா சண்டையோ, கோச்சிக்கினு போயி கார்ல குந்திக்கிச்சு. முகூர்த்தம் போய்க்கினு கீது. சின்னய்யாவோட அம்மா, அதான் பெரியம்மா, என்னை ஸ்டோர் ரூமுக்கு இஸ்துக்கினு போயி அவுங்க பொடவைய கட்டி வுட்டாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க மதுரை, யாருக்கும் உன்னைத் தெரியாது, வாய மட்டும் தொறக்காதேன்னாங்க. போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்பறம் இன்னா? பொடவைய அவுத்துக் குடுத்துட்டு அண்டா தேய்க்கப் போனேன். மறுநாளு காலைல புதுப்பொண்ணு பின்னால வந்துச்சு. கரியும் கையுமா என்னைப் பாத்துச்சு. மூணாம் மாசம் பிரிச்சுக் கோக்க வேண்டிய தாலிய அந்த வாரமே பிரிச்சுக் கோத்துட்டாங்க. நான் போட்ட முடிச்சு அதோட பூட்ச்சு.”

“நான் மாத்தறேன் பாரு. வேலை செஞ்ச பொண்ணுன்னு உன் பேரைப் போட்டே அச்சடிக்கிறேன்” என்று சொல்லி, அங்கிருந்தே ஹோட்டலுக்குப் போன் போட்டேன். புத்தகத்தைக் கவனிக்கிற அந்தப் பெண் வெண்ணெயாய்ப் பேசினாள். “மேடம், கல்யாணத்துக்கு புக் பண்றவங்க படிக்கிறது இது. அப்படியே விட்டுடுங்களேன். சரியில்லன்னா அந்தப் படத்தையே தூக்கிடுங்க, வேற படம் அனுப்பறேன்.”

ஆக, என் அம்மா அந்த வீட்டுக்கு மகளாக இருக்கலாம், இல்லாவிட்டால் இல்லாமலே போகலாம். அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பொடவைய அன்னிக்கே அவுத்துக் குடுத்துட்டேன். நீ இன்னாத்துக்குடி திரும்பக் கட்டி வுடற? எட்த்துடு.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மண்டை காய்ந்தது. திருவான்மியூரில், பொய்யானாலும் படம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. ஆற்றுப் பாலத்தில், அந்தப் பொய்யைச் சுமந்ததும் அவள், அண்டா தேய்த்ததும் அவள், இதில் பவுசு மட்டும் ஹோட்டலுக்கா என்று ஆத்திரம் வந்தது. மறுநாள் சிவப்பு மையால் படத்தை அடித்தேன். அந்த இடத்தில் தோட்டத்து நீரூற்று ஒன்று வந்தது. செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வழவழப்பான தாள்களை எச்சில் தொட்டுப் புரட்டினாள். கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள். மூன்றாவது தடவை நீரூற்றுப் படத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் போட்டோ எங்கடி?”

“நீதானேம்மா எடுத்துடச் சொன்னே?”

“நான் சொன்னா?” என்றாள். “நான் சொன்னா எட்த்துடுவியா?”